பழைய நேரமோ, புது நேரமோ: நடுவில் ஆளில்லாத வலையமைப்பில் கட்டாய அப்டேட்

1996ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி இலங்கை தன் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலம். பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்று சொன்னார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26இல் அதில் அரை மணியைத் திருப்பிக் குறைத்தார்கள். மிச்சம் இருந்த அந்த அரை மணிக் கூடுதலோடு நாடு 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை ஓடியது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் மட்டும் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போய்வந்தவர்களுக்கு இது மறந்திருக்காது. முகமாலை தாண்டினால் மணிக்கூடு அரை மணி பின்னுக்கு. ஓமந்தை தாண்டினால் மறுபடி முன்னுக்கு.

எங்கள் வீட்டில் அம்மம்மாவின் சுவர் மணிக்கூடு அந்தப் பத்து வருடமும் பழைய நேரத்திலேயே ஓடியது. கோயில் பூசைக்கு அந்த மணிக்கூடு, பள்ளிக்கூடத்துக்கு என் கைமணிக்கூடு. யார் எந்த விசேஷத்துக்குச் சொல்ல வந்தாலும் அம்மம்மா கேட்கும் முதல் கேள்வி: "புது நேரமோ, பழைய நேரமோ?"

கணினி வேலைக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் அருமை எனக்கு விளங்கியது. நடுவில் சேர்வர் இல்லாமல் ஒவ்வொரு கணினியும் மற்றக் கணினிகளோடு நேரே பேசும் பியர் டு பியர் வலையமைப்புகளில், விதி மாறும்போது நடப்பது அச்சொட்டாக இதுதான். சிலர் மாறுவார்கள், சிலர் பிந்தி மாறுவார்கள், சிலர் மாறவே மாட்டார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும், அல்லது ஏன் பேச முடியவில்லை என்றாவது சொல்லத் தெரிய வேண்டும். அம்மம்மாவுக்கு அந்தக் கேள்வி கேட்கத் தெரிந்திருந்தது. நம்முடைய பல மென்பொருள்களுக்கு இன்னும் தெரியாது.

நான் இதை இவ்வளவு தூரம் யோசிக்கக் காரணம் கரவெட்டியில் இருக்கும் ஒரு கணினி. பழைய பாடசாலை ஆண்டு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், இறந்தவரின் நினைவாக அந்தியேட்டிக்கு அடிக்கும் 'கல்வெட்டு' என்ற சிறு புத்தகங்கள் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து சேர்த்துவைக்கும் சிறு வேலையொன்றில் நாங்கள் சிலர் இருக்கிறோம். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கும் துணிவு, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பிறகு இந்த ஊரில் யாருக்கும் வராது. ஆகவே யாழ்ப்பாணத்தில் என் கணினி, கரவெட்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய கணினி, ரொறன்ரோவில் ஒரு நண்பருடைய கணினி, மூன்றும் ஒன்றையொன்று பார்த்துத் தங்களிடம் இல்லாத கோப்பை வாங்கிக்கொள்ளும். சேர்வருக்குக் கட்ட வேண்டிய மாதக் காசும் இல்லை.

அந்த ஆசிரியர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடுபவர், மகளைப் பார்க்க வெளிநாடு போய் ஐந்து மாதம் நின்றார். கணினி மூடிக்கிடந்தது. திரும்பி வந்து போட்டவர், மூன்றாம் நாள் எனக்கு அடித்தார். "தம்பி, இது 'இணைக்க முடியவில்லை, மீண்டும் முயல்கிறது' எண்டு ரண்டு நாளா நிக்குது. ரவுட்டரையும் மாத்திப் பாத்திட்டன். ஒருக்கா வந்து பாருமன்."

வல்லை வெளியைத் தாண்டிப் போய் இறங்கிப் பார்த்தால், ரவுட்டரில் ஒரு குறையும் இல்லை. அந்த மென்பொருள் தன்பாட்டில் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்தேன். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே வரி: எதிர்ப்பக்கம் நெறிமுறை 4 கேட்கிறது, என்னிடம் 3, துண்டிக்கிறேன். நெறிமுறை என்பது கணினிகள் தங்களுக்குள் பேசும் விதி. நாங்கள் மற்ற இருவரும் இடையில் அப்டேட் செய்திருந்தோம்; அது கட்டாய அப்டேட். சேருடைய கணினிக்குக் காரணம் முதல் நிமிடத்திலேயே தெரியும். அதை அவரிடம் மட்டும் சொல்லவில்லை. எழுபது வயது தாண்டிய மனிதர் இரண்டு நாளாகக் கதிரையில் ஏறி இறங்கி வயரைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்.

வங்கிச் செயலி ஒன்றை நினைத்துப் பாருங்கள். பழைய பதிப்பைத் திறந்தால், "புதியதைத் தரவிறக்குங்கள்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். நடுவில் வங்கியின் சேர்வர் இருப்பதால் அது முடிகிறது. யார் எந்தப் பதிப்பில் நிற்கிறார் என்று அதற்குத் தெரியும், எப்போது கதவை மூடுவது என்றும் அதுவே முடிவு செய்யும். பியர் டு பியரில் அந்த இடத்தில் ஆளில்லை. எத்தனை கணுக்கள், அதாவது வலையமைப்பில் சேர்ந்த கணினிகள், இருக்கின்றன என்பதே சரியாக யாருக்கும் தெரியாது. ஐந்து மாதம் தூங்கிய ஒன்று எப்போது எழும்பும் என்பது தெரியவே தெரியாது.

இதில் முதலில் கேட்க வேண்டியது, அப்டேட்டைக் கட்டாயமாக்கத்தான் வேண்டுமா என்பது. பெரும்பாலும் வேண்டாம். 2001இல் வந்த, கோப்புப் பகிரும் பிட்டொரன்ட் இதற்கு நல்ல உதாரணம். இரண்டு கணினிகள் சந்தித்ததும் பரிமாறும் முதல் வணக்கம் 68 பைட். அதில் 8 பைட்டை ஆரம்பத்திலேயே வெறுமையாக ஒதுக்கிவிட்டார்கள். பின்னால் வந்த வசதிகள் சில அங்கே ஆளுக்கொரு பிட்டை ஏற்றிக்காட்டி, "எனக்கு இதுவும் தெரியும்" என்று சொல்லும். தெரியாத பக்கம் அதைக் கவனிக்காமல் பழைய முறையில் தொடரும். யாரையும் வெளியே தள்ளாமலே பல புது வசதிகள் அப்படி உள்ளே வந்தன.

கட்டாயம் தேவைப்படும் இடங்களும் உண்டு. பழைய மறைகுறியாக்கம் இனிப் பாதுகாப்பில்லை என்று ஆகிவிட்டால் அதை வைத்திருக்க முடியாது. பாவனையாளரின் அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பு, தனக்குள் இருக்கும் தளங்களின் பழைய 16 எழுத்து ஒனியன் முகவரிகளை 2021 ஒக்டோபரில் கைவிட்டது அப்படித்தான். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்னதாகவே திகதிகளை அறிவித்திருந்தார்கள். எல்லாக் கணுக்களும் ஒரே முடிவுக்கு வந்தே ஆக வேண்டிய பொதுப் பேரேடு இருந்தால், அங்கேயும் கட்டாயம் வரும். அதில் சறுக்கினால் என்ன ஆகும் என்பதைப் பிட்கொயின் 2013இல் கண்டது.

அந்த வருடம் பெப்ரவரியில் பிட்கொயின் மென்பொருளின் 0.8 பதிப்பு வந்தது. விதி எதையும் மாற்றுவதாக யாரும் நினைக்கவில்லை. உள்ளே தரவைச் சேமிக்கும் தரவுத்தளத்தை பேர்க்லி டிபியிலிருந்து லெவல் டிபிக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். மார்ச் 11 இரவு, நமக்கு 12 விடியப்புறம், 225,430ஆம் இலக்கப் பிளொக், அதாவது பிட்கொயின் பேரேட்டில் புதிதாகச் சேரும் பக்கம், வந்து சேர்ந்தது. வழக்கத்தைவிடக் கனமானது. 0.8 அதை ஏற்றுக்கொண்டது. பழைய பதிப்பில் நின்ற பல கணுக்களில் பேர்க்லி டிபி போடக்கூடிய பூட்டுகளின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட, அவை அந்தப் பிளொக்கைத் தள்ளிவிட்டன. ஒரே பேரேடு இரண்டு கிளையாகி, இரண்டும் தனித்தனியே வளரத் தொடங்கியது. யாரும் எழுதிவைக்காத ஒரு வரம்பு அதுவரை விதியாக நடந்துகொண்டிருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

பிளொக்குகளை உருவாக்கும் கணினிகளின் மொத்தக் கணிப்பு வலுவில் ஏறக்குறைய 60 வீதம் புதிய பக்கம் நின்றது. பெரும்பான்மைதானே, மற்றவர்களை ஏறி வரச் சொல்லியிருக்கலாம். அவர்கள் செய்தது நேர்மாறு. பெரிய மைனிங் கூட்டங்கள் தாங்கள் உருவாக்கிய பிளொக்குகளின் வெகுமதியை இழக்கச் சம்மதித்து 0.7க்குத் திரும்பின. காரணம் எளிது. பழைய கிளையை இரண்டு பதிப்புகளும் ஏற்கும். புதிய கிளையைப் புதிய பதிப்பு மட்டும்தான் ஏற்கும். ஆறு ஏழு மணித்தியாலத்தில் பழைய கிளை முந்தியது, புதிய பக்கத்தில் வளர்ந்திருந்த 24 பிளொக்குகள் கைவிடப்பட்டன. பிறகு வந்த 0.8.1 பதிப்பில், பழைய வரம்பை மே 15 வரை எல்லாரும் மதிக்கும்படி எழுதினார்கள். பழைய பதிப்பில் நின்றவர்களுக்கு இரண்டு மாத அவகாசம். அந்தப் பதற்றத்துக்குள்ளும் பின்தங்கியவர்களை எண்ணி எடுத்த முடிவு அது. எனக்கு அதில் இன்றும் மரியாதை உண்டு.

ஸ்கைப்பின் கதை வேறு விதம். இப்போது அது இல்லை, 2025 மே மாதத்தோடு மூடிவிட்டார்கள். ஆனால் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளை வைத்திருந்த யாழ்ப்பாணத்து வீடுகள் ஒரு காலம் அதில்தான் முகம் பார்த்தன. அந்த நாட்களில் அது பியர் டு பியராகவே ஓடியது. நல்ல இணைப்பு உள்ள பாவனையாளர்களின் கணினிகளே 'சூப்பர் நோட்' ஆக நின்று மற்றவர்களைத் தேடிக் கொடுத்தன. 2007 ஓகஸ்ட் 16இல், வின்டோஸின் வழக்கமான அப்டேட்டுக்குப் பிறகு உலகெங்கும் ஏராளமான கணினிகள் குறுகிய நேரத்துக்குள் ரீஸ்டார்ட் ஆயின. எல்லாம் ஒன்றாக உள்ளே வர முண்டியடித்தன. வழிகாட்ட வேண்டிய சூப்பர் நோட்களும் அதே கூட்டத்துக்குள் நின்றன. ஸ்கைப்பின் உள்ளே மறைந்திருந்த ஒரு பிழையும் சேர்ந்துகொள்ள, இரண்டு நாள் சேவை தடுமாறியது.

2010 டிசம்பர் 22இல், நத்தாருக்கு மூன்று நாள் இருக்க, மறுபடியும் விழுந்தது. இந்தமுறை வின்டோஸுக்கான 5.0.0.152 பதிப்பில் ஒரு கோளாறு. சில உதவி சேர்வர்கள் பிந்திப் பதில் அனுப்பியதும் அந்தப் பதிப்பு நொறுங்கியது. பாவனையாளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்தப் பதிப்பில் நின்றார்கள். சூப்பர் நோட்களில் 25 முதல் 30 வீதம் விழுந்தன, மிச்சம் நின்றவற்றின் மேல் பாரம் ஏறியது, அவையும் பின்வாங்கின. என் மனதை அரிக்கும் விஷயம் இதற்குள் இருக்கிறது. கோளாறைத் திருத்திய 5.0.0.156 பதிப்பு அப்போதே வெளியாகியிருந்தது. மருந்து கடையில் இருந்தது. வீட்டுக்கு வந்து சேரவில்லை.

இந்த இரண்டு விழுகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முரண் போலத் தெரியும். 2007இல் எல்லாரும் ஒரே நேரத்தில் அப்டேட் செய்ததால் விழுந்தது, 2010இல் எல்லாரும் அப்டேட் செய்யாததால் விழுந்தது. முரண் தீர ஒரு வழி உண்டு. புதிய பதிப்பை நிறுவுவதையும் புதிய விதி நடைமுறைக்கு வருவதையும் வேறுவேறு நேரங்களாகப் பிரிக்க வேண்டும். நிறுவுவது கலைந்து நடக்கட்டும். உன் கணினி இன்று இரவு, என் கணினி நாளை மத்தியானம், கரவெட்டிக் கணினி வெள்ளிக்கிழமை. புதிய பதிப்பு வந்த பிறகும் பழைய விதிப்படியே பேசிக்கொண்டிருக்கும். குறித்த நேரம் வந்ததும் எல்லாம் ஒன்றாக விதி மாறும், அப்போது யாரும் ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை. பிட்கொயினின் டப்ரூட் மாற்றம் இப்படித்தான் நடந்தது. 2021 ஜூனில் 90 வீதத்துக்கு மேலான பிளொக்குகள் ஆயத்தம் என்று அடையாளம் காட்டிவிட்டன. விதி நடைமுறைக்கு வந்தது நவம்பர் 14, 709,632ஆம் பிளொக்கில். இடையில் ஐந்து மாதம்.

ஏன் திகதியைக் குறிக்காமல் பிளொக் இலக்கத்தைக் குறிக்கிறார்கள்? இதற்கும் கரவெட்டிக் கணினியே பதில். பதிவுக் கோப்பைப் பார்த்து முடித்த கையோடு, புதிய பதிப்பைத் தரவிறக்கலாம் என்று பிரவுசரைத் திறந்தேன். தளம் திறக்க மறுத்தது. அந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லையாம். திரையின் மூலையைப் பார்த்தால் 2011 ஜனவரி 1. மதர்போர்டில் காசு போல வட்டமாக இருக்கும் பற்றரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் கணினி தன் பிறந்தநாளுக்குத் திரும்பிவிடும். இந்த ஊரில் பழைய கணினி வைத்திருக்கும் எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான். 'மே 15 முதல் புதிய விதி' என்று அந்தக் கணினிக்குச் சொல்லிப் பயனில்லை. பிளொக் இலக்கம் என்பது வலையமைப்பு முழுவதும் சேர்ந்து ஓட்டும் மணிக்கூடு. தனி ஒருவருடைய பற்றரி சாவதால் அது பிழைக்காது.

அப்படியொரு பொது மணிக்கூடு எல்லா வலையமைப்புக்கும் வாய்ப்பதில்லை. கோப்புப் பகிரும் வலையமைப்புகளில் பிளொக் சங்கிலி கிடையாது. அங்கே திகதியை நம்பத்தான் வேண்டும். குறைந்தபட்சம் தன் மணிக்கூட்டை அயலவர்களுடைய மணிக்கூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, பெரிய வித்தியாசம் இருந்தால் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

பிந்தி வருபவரை எப்படி நடத்துவது என்பதில் நான் பார்த்தவற்றுள் ஃப்ரீநெட்டின் ஏற்பாடுதான் சிறந்தது. தணிக்கைக்கு அகப்படாமல் தகவல் பகிர்வதற்காக இயன் கிளார்க் தொடங்கி, 2000இல் முதல் பதிப்பு வந்த வலையமைப்பு அது. 2023இலிருந்து அதன் பெயர் ஹைபாநெட். அங்கே ஒவ்வொரு வெளியீட்டிலும், ஏற்றுக்கொள்ளக்கூடிய மிகப் பழைய பதிப்பு எது என்பதும், அந்த எல்லை உயரும் திகதியும் மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அந்தத் திகதிக்குப் பிறகு பழைய கணு ஒன்று வந்து கதவைத் தட்டினால், புதிய கணுக்கள் அதனூடாக எந்தத் தேடுதலையும் அனுப்பமாட்டா. ஆனால் கதவையும் சாத்தமாட்டா. இணைப்பை வைத்துக்கொண்டு, "உன் பதிப்பு பழசு, என்னிடம் புதியது இருக்கிறது, இந்தா" என்று நீட்டும். பழைய கணு அயலவரிடமே கோப்பை வாங்கித் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு உள்ளே வரலாம். இணையத்தளத்துக்குப் போக வேண்டியதில்லை. தளம் தடுக்கப்பட்ட நாட்டில் இருப்பவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கும், பற்றரி செத்த கணினிக்கும் அடைபட்டுத்தான் இருந்தது.

அயலவர் நீட்டும் கோப்பை எப்படி நம்புவது? நியாயமான கேள்வி. கையொப்பத்தை நம்பலாம், அயலவரை நம்பத் தேவையில்லை. புதிய பதிப்பு, திட்டத்தை நடத்துவோரின் இரகசியச் சாவியால் ஒப்பமிடப்பட்டிருக்கும். யார் கையால் வந்தாலும் பழைய கணு அதைத் தானே சரிபார்க்கும். அந்தச் சாவியே களவு போனால்? அதற்கு ஃப்ரீநெட்டில் இரண்டாவது சாவி ஒன்று இருக்கிறது. அதனால் ஒப்பமிட்ட ஒரே ஒரு செய்தி வலையமைப்பில் விழுந்தால் போதும், கணுக்கள் அதை ஒன்றுக்கொன்று கடத்திவிட்டுத் தானியங்கி அப்டேட்டை அடியோடு நிறுத்திவிடும். திறக்கும் சாவியோடு நிரந்தரமாகப் பூட்டும் சாவியையும் செய்து வைத்திருக்கிறார்கள். கட்டாய அப்டேட் என்பது எல்லார் கணினியிலும் எதையும் ஓடவைக்கும் அதிகாரம் என்பதை உணர்ந்தவர்கள் செய்யும் வேலை இது.

பிட்கொயினைப் போன்ற ஸீகேஷ் நாணயத்தின் ஸீகேஷ்டி மென்பொருள் இன்னொரு வழியில் போனது. வெளியாகி ஏறக்குறைய 16 வாரம் ஆனதும் ஒவ்வொரு பதிப்பும் தானாகவே ஓய்வெடுத்துவிடும், புதியது போட்டால்தான் மறுபடி ஓடும். பழைய கணு பிழையான கிளையில் நின்று ஒருவரை ஏமாற்றுவதைவிட நின்றுவிடுவது மேல் என்பது அதன் நியாயம். காசு புழங்கும் இடத்தில் எனக்கும் அது சரியாகவே படுகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த ஊரில், மலர்களையும் கல்வெட்டுகளையும் காக்கும் கணினிக்கு அப்படியொரு கெடு வைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

அன்று கரவெட்டியில் திகதியைத் திருத்தி, என் போனிலிருந்து டேட்டா கொடுத்துத் தரவிறக்கி, அப்டேட்டைப் போட்டேன். பற்றரியும் மாற்றியாயிற்று. பிறகு எங்களுக்குள் ஒரு ஒழுங்கு செய்தோம். முதலில், புதிய பதிப்பின் கோப்பை எங்கள் பொதுக் கோப்புறையிலேயே வைக்கலாம் என்று நினைத்தேன். அது முட்டாள் யோசனை என்று உடனே தெரிந்தது; பழைய கணுவால் அந்தக் கோப்புறையைத்தானே எட்ட முடியாது. ஆகவே என்னிடம் சும்மா கிடந்த பழைய லப்டொப் ஒன்றை வேண்டுமென்றே முந்திய பதிப்பில் ஓடவிட்டிருக்கிறேன். அதில் வேறு எந்த ஆவணமும் இல்லை. ஒரே ஒரு கோப்புறை, அதற்குள் புதிய பதிப்பும், அதன் கையொப்பமும், சேர் தன் கைப்பட எழுதிய அரைப் பக்கக் குறிப்பும். எடுக்கலாம், உள்ளே எதையும் எழுத முடியாது. அடுத்த கட்டாய அப்டேட் வரும்போது இந்த லப்டொப் மற்றவற்றுக்கு ஆறு மாதம் பிந்தித்தான் மாறும்.

போன மாதம் ரொறன்ரோ நண்பர் வீடு மாறியதில் அவருடைய கணினி நாலு மாதம் பெட்டிக்குள் கிடந்து எழும்பியது. இடையில் இன்னொரு கட்டாய அப்டேட் வந்துபோயிருந்தது. கரவெட்டியும் என் கணினியும் அதைத் துண்டித்தன, லப்டொப் ஏற்றுக்கொண்டது. நண்பர் குறிப்பை வாசித்து, கையொப்பத்தைச் சரிபார்த்து, அப்டேட்டைப் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நமக்கு அப்போது காலை. நான் தேத்தண்ணி குடித்து முடிக்கும்போது 1968ஆம் ஆண்டுப் பாடசாலை மலரின் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் பச்சைப் புள்ளியோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.